தொலைக் கணினியில் பிரேக்பாயிண்ட் நிற்காதபோது: ஜிடிபியில் காரணம் தேட வேண்டிய வரிசை

நிரல் ஓரிடத்தில் ஓட, டீபக்கர் (நிரலின் பிழைகளைத் தேட உதவும் கருவி) வேறிடத்தில் இருக்கும்போது, பிரேக்பாயிண்ட் (நிரலை ஓரிடத்தில் நிறுத்த நாம் வைக்கும் குறி) தொடர்பாக எழும் சிக்கல்களை எந்த வரிசையில் ஆராய வேண்டும் என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது. சி அல்லது சி++ மொழியில் எழுதப்பட்ட நிரல், லினக்ஸ் ஓடும் ஆர்ம் போர்டிலோ தொலைவிலுள்ள சர்வரிலோ ஜிடிபி சர்வர் என்ற சிறு துணை நிரலின் கீழ் ஓடுகிறது என்றும், அதற்கு ஆணையிடும் ஜிடிபி என்ற டீபக்கர் நம் கணினியில் ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்கிறேன். நிரல் ஓடும் கணினியை இங்கே இலக்கு என்றே குறிப்பிடுகிறேன். கட்டளைகளை ஒலிப்படி மேற்கோள் குறிக்குள் தந்துள்ளேன். எழுத்துக்கூட்டில் ஐயம் வந்தால் ஜிடிபியில் ‘ஹெல்ப்’ அல்லது ‘அப்ரோபோஸ்’ கட்டளையால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

“பிரேக்பாயிண்ட் வேலை செய்யவில்லை” என்ற ஒரே புகாருக்குள் நான்கு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. ஜிடிபி அந்த இடத்தையே கண்டுபிடிக்கவில்லை என்பது ஒன்று. இடம் தெரிந்தும் இலக்கின் நினைவகத்தில் பிரேக்பாயிண்டைச் செருக முடியவில்லை என்பது இன்னொன்று. செருகியும் நிரல் அந்த இடத்துக்கு வரவில்லை என்பது மூன்றாவது. நின்றது, ஆனால் தவறான வரியில் நின்றது என்பது நான்காவது. புதியவர்கள் பெரும்பாலும் நான்காவதற்கான மருந்தை, அதாவது ஆப்டிமைசேஷனை (நிரலை வேகப்படுத்தக் கம்பைலர் செய்யும் மாற்றங்களை) அணைப்பதை, முதல் நோய்க்கே கொடுத்துப் பார்க்கிறார்கள். நிரலை மறுபடி கம்பைல் செய்தவுடன் இலக்கிலுள்ள கோப்பும் நம் கோப்பும் வேறுபட்டுவிடுவதால், இருந்த சிக்கலோடு புதிதாக ஒன்றும் சேர்ந்துகொள்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

டீபக் தகவல் (சோர்ஸ் வரிகளையும் பெயர்களையும் முகவரிகளோடு இணைக்கும் குறிப்புகள்) நீக்கப்படாத பைனரி, அதாவது கம்பைல் ஆன நிரல் கோப்பு, நம் கணினியில் இருக்க வேண்டும். இலக்கில் உள்ளது ‘ஸ்ட்ரிப்’ செய்யப்பட்டதாக, அதாவது அந்தத் தகவல் நீக்கப்பட்டதாக, இருந்தாலும் பெரும்பாலும் பாதகமில்லை, ஏனெனில் சிம்பல்களை (நிரலிலுள்ள பெயர்களை) படிப்பது ஜிடிபி மட்டுமே. ஜிடிபி சர்வருக்கு முகவரிகள் போதும். ஆனால் இரண்டும் ஒரே கட்டுமானத்திலிருந்து வந்தவையாக இருந்தே ஆக வேண்டும்.

அந்த பைனரி எந்த சோர்ஸிலிருந்து உருவானதோ அதே சோர்ஸ், அதே கமிட் (பதிவுசெய்த பதிப்பு) நிலையில், நம் கணினியில் இருக்க வேண்டும். கம்பைல் ஆனபின் சோர்ஸைத் திருத்தினால் ‘சோர்ஸ் ஃபைல் இஸ் மோர் ரீசன்ட் தேன் எக்ஸிக்யூட்டபிள்’ என்று ஜிடிபி எச்சரிக்கும். அதைப் பலர் படிக்காமல் கடந்துவிடுகிறார்கள். அந்த நொடி முதல் வரி எண்கள் எதையும் நம்ப முடியாது.

செயலி வகை வேறாக இருந்தால், அந்த வகையை அறிந்த ஜிடிபி வேண்டும். டெபியன், உபுண்டுவில் ‘ஜிடிபி மல்டிஆர்க்’ என்ற பொதி இதற்கென்றே உள்ளது. இலக்கின் சிஸ்டம் லைப்ரரிகளின் நகலும், அதாவது சிஸ்ரூட்டும், நம் கணினியில் ஓர் அடைவாக இருப்பது நல்லது. இலக்கிலிருந்தே இவற்றை ஜிடிபியால் இழுத்துக்கொள்ள முடியும் என்றாலும், மெதுவான இணைப்பில் அது பொறுமையைச் சோதிக்கும்.

கடைசியாக, விஎஸ் கோடு போன்ற எடிட்டர் வழியாக டீபக் செய்பவர்கள், சிக்கல் தீரும்வரை அதை மூடிவைத்துவிட்டு ஜிடிபியின் கட்டளைத் திரையிலேயே வேலை செய்யுங்கள். பிரேக்பாயிண்ட் ஏற்கப்படவில்லை என்று எடிட்டர் காட்டும் சாம்பல் நிற வட்டம், ஜிடிபி சொன்ன முழு வாக்கியத்தையும் விழுங்கிவிடுகிறது.

2. இணைப்பு உண்மையிலேயே நலமாக உள்ளதா என்று பாருங்கள்

பிரேக்பாயிண்டைப் பற்றி யோசிக்கும் முன், ‘டார்கெட் ரிமோட்’ கொடுத்தவுடன் ‘இன்ஃபோ ரெஜிஸ்டர்ஸ்’ என்று அடித்துப் பாருங்கள். ரெஜிஸ்டர்கள் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) பொருளுள்ள மதிப்புகளோடு வந்தால் நெறிமுறை ஒத்துப்போகிறது என்று பொருள். ‘ரிமோட் ஜி பாக்கெட் ரிப்ளை இஸ் டூ லாங்’ என்ற பிழை வந்தால், நம் ஜிடிபி ஒரு செயலி வகையை எண்ணிக்கொண்டிருக்க, எதிர்முனையில் வேறொன்று இருக்கிறது. சரியான பைனரியை ‘ஃபைல்’ கட்டளையால் முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு இணைந்தால் இது பெரும்பாலும் தானே தீர்ந்துவிடும். வரிசை இங்கே முக்கியம்: முதலில் ஃபைல், அடுத்து சிஸ்ரூட், அதன்பின் இணைப்பு, கடைசியில் பிரேக்பாயிண்ட்.

‘டார்கெட் ரிமோட்’ வழி இணைந்தபின் ‘ரன்’ என்று அடிப்பது புதியவர்களிடம் அடிக்கடி காணும் தவறு. ஜிடிபி சர்வர் நிரலை ஏற்கெனவே தொடங்கி, அதன் முதல் செயலிக் கட்டளையிலேயே நிறுத்திவைத்திருக்கிறது. ஆகவே தர வேண்டியது ‘கண்டினியூ’. மீண்டும் மீண்டும் முதலிலிருந்து ஓட்ட வேண்டுமென்றால், இலக்கில் ‘மல்டி’ விருப்பத்தோடு ஜிடிபி சர்வரைத் தொடங்கி, இங்கிருந்து ‘டார்கெட் எக்ஸ்டெண்டட் ரிமோட்’ மூலம் இணையுங்கள்.

ஜிடிபி சர்வரில் கடவுச்சொல் கிடையாது. அந்த போர்ட்டை எட்ட முடிந்த எவரும் அந்த நிரலின் உரிமைகளோடு எதை வேண்டுமானாலும் செய்யலாம். ஆகவே போர்ட்டை ஃபயர்வாலில் அடைத்துவிட்டு எஸ்எஸ்ஹெச் சுரங்கம் (மறையாக்கிய தொலை இணைப்பு) வழியாக வாருங்கள். அல்லது ‘டார்கெட் ரிமோட்’ என்பதை அடுத்துக் குழாய்க்குறி இட்டு, எஸ்எஸ்ஹெச் மூலமே ஜிடிபி சர்வரை ஓட்டி, அதன் உள்ளீடு வெளியீட்டையே இணைப்பாகப் பயன்படுத்துங்கள். இந்த இரண்டாவது முறையில் போர்ட்டே திறக்கப்படுவதில்லை. எனக்கு இதுவே பிடித்தமானது.

3. ‘இன்ஃபோ பிரேக்பாயிண்ட்ஸ்’ பட்டியலைப் பொறுமையாகப் படியுங்கள்

அடுத்து எந்தப் பகுதிக்குச் செல்ல வேண்டும் என்பதை இந்த ஒரே கட்டளை முடிவு செய்துவிடும். முகவரி இருக்க வேண்டிய பத்தியில் ‘பெண்டிங்’ என்றிருந்தால், ஜிடிபிக்கு அந்த இடமே தெரியவில்லை; 4, 5, 6 ஆம் பகுதிகளைப் பாருங்கள். முகவரி இருந்து, ‘கண்டினியூ’ கொடுத்ததும் ‘கேனாட் இன்சர்ட் பிரேக்பாயிண்ட்’ என்று வந்தால், செருகுவதில் சிக்கல். 7 ஆம் பகுதி. முகவரியும் இருந்து, பிழையும் வராமல், ‘பிரேக்பாயிண்ட் ஆல்ரெடி ஹிட்’ என்ற வரியும் இல்லாவிட்டால், நிரல் அங்கே வரவில்லை அல்லது முகவரியே தவறு. 4 ஆம் பகுதியை முடித்துவிட்டு 8 ஆம் பகுதிக்குச் செல்லுங்கள். ‘ஆல்ரெடி ஹிட்’ என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் நிற்கவில்லை என்றால், ‘இக்னோர்’ எண்ணிக்கையை (இத்தனை முறை நிற்காமல் கடக்கட்டும் என்று கொடுத்த எண்ணை) சந்தேகியுங்கள். நிபந்தனை பொய்யாகும் தடவைகள் இந்த எண்ணிக்கையில் சேராது; நிபந்தனை வைத்திருந்தால் 9 ஆம் பகுதியைப் பாருங்கள்.

இடம் தெரியாதபோது, வருங்காலத்தில் ஏறக்கூடிய லைப்ரரிக்காகக் காத்திருக்கட்டுமா என்று ஜிடிபி கேட்கும். எல்லாரும் பழக்கத்தில் ‘ஒய்’ அடித்துவிடுகிறார்கள். செயற்கூற்றின் (ஃபங்ஷனின்) பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் அந்த பிரேக்பாயிண்ட் கடைசிவரை காத்துக்கொண்டே இருக்கும். குறை எதுவும் சொல்லாது. டைனமிக்காக ஏறும் லைப்ரரி எதுவும் நம் வேலையில் இல்லையென்றால் ‘என்’ அடித்துவிட்டு, ‘இன்ஃபோ ஃபங்ஷன்ஸ்’ கட்டளையோடு பெயரின் ஒரு பகுதியைக் கொடுத்துத் தேடுவதே சரி.

4. இரண்டு பக்கமும் இருப்பது ஒரே பைனரிதானா

தொலைக் கணினியில் வரும் பிரேக்பாயிண்ட் சிக்கல்களில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். ஜிடிபி முகவரிகளைக் கணக்கிடுவது நம் கணினியிலுள்ள கோப்பை வைத்து. பிரேக்பாயிண்ட் செருகப்படுவது இலக்கில் ஓடும் கோப்பின் நினைவகத்தில். இரண்டுக்கும் இடையே ஒரு வரி வேறுபட்டாலும், அந்த வரிக்குப் பின்னுள்ள செயற்கூறுகள் சில பைட்கள் நகர்ந்துவிடும். பிறகு நடப்பவை விசித்திரமானவை: பிரேக்பாயிண்ட் நிற்காமல் போகலாம், ஒரு செயலிக் கட்டளையின் நடுப்பகுதியில் செருகப்பட்டு நிரலே சட்டவிரோதக் கட்டளைப் பிழையோடு இறக்கலாம், நின்றாலும் ஸ்டாக்கில் (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற வரிசையில்) கேள்விக்குறிகள் மட்டுமே தெரியலாம்.

கோப்பின் அளவையும் தேதியையும் ஒப்பிடுவது போதாது. லிங்கர் ஒவ்வொரு பைனரிக்குள்ளும் எழுதிவைக்கும் பில்டு ஐடியை ஒப்பிடுங்கள். பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில் இது இயல்பாகவே எழுதப்படுகிறது. 40 பதினாறடிமான இலக்கங்களாக இருக்கும். லினக்ஸின் ‘ஃபைல்’ கட்டளையோ, ‘ரீட்எல்ஃப்’ கட்டளையோடு ‘மைனஸ் என்’ விருப்பமோ அதைக் காட்டும். ஸ்ட்ரிப் செய்தாலும் பில்டு ஐடி மாறாது. ஆகவே டீபக் தகவல் உள்ள கோப்பையும் இல்லாத கோப்பையும் இதனால் நேரடியாக ஒப்பிடலாம்.

சிறிய போர்டுகளில் ‘ரீட்எல்ஃப்’ இருக்காது. கவலை வேண்டாம், இணைந்திருக்கும்போதே ஜிடிபியின் ‘ரிமோட் கெட்’ கட்டளையால் இலக்கிலுள்ள கோப்பை நம் கணினிக்கு எடுத்து, இங்கே வைத்து ஒப்பிடுங்கள்.

பில்டு ஐடிகள் ஒத்துப்போன பிறகும் ஒரு பொறி மீதமிருக்கிறது. வட்டிலுள்ள கோப்பு புதியது, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ் பழையது என்ற நிலை அது. ஓடும் நிரலின் மேல் அப்படியே எழுத முயன்றால், கோப்பு பயன்பாட்டில் உள்ளது என்று கூறி லினக்ஸ் மறுத்துவிடும். ஆனால் ‘ஆர்சிங்க்’ போன்ற கருவிகள் புதிய கோப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதிவிட்டுப் பின்னர் பெயர் மாற்றுகின்றன. அப்போது எந்த மறுப்பும் வராது, பழைய கோப்பு பெயரிழந்த நிலையில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க, ‘பிராக்’ அடைவில் அந்தப் புராசஸின் எண்ணுக்குரிய அடைவுக்குள் சென்று, ‘எக்ஸ்ஈ’ என்ற இணைப்பு எதைச் சுட்டுகிறது என்று ‘எல்எஸ் மைனஸ் எல்’ கொடுத்துப் பாருங்கள். பெயரின் இறுதியில் ‘டெலீட்டட்’ என்று ஒட்டியிருந்தால், நீங்கள் டீபக் செய்ய முயல்வது நேற்றைய நிரலை. சர்வீஸை மறுதொடக்கம் செய்தாலே போதும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வெப்பநிலை உணரியைப் படிக்கும் ஒரு சர்வீஸில், சென்சார் கோப்பின் 118 ஆம் வரியில் பிரேக்பாயிண்ட் வைக்கிறோம். ஜிடிபி எந்த எதிர்ப்புமின்றி ஏற்று, முகவரியையும் காட்டுகிறது. கண்டினியூ கொடுத்தால் நிரல் ஓடுகிறது, பதிவேட்டில் வெப்பநிலைகளும் எழுதப்படுகின்றன, ஆனால் நிற்பதேயில்லை. கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்தி, ‘பேக்டிரேஸ்’ பார்த்தால், படிக்கும் செயற்கூறு இருக்க வேண்டிய இடத்தில் அதற்குத் தொடர்பேயில்லாத வேறொரு பெயர் தெரிகிறது. இந்தப் பொருந்தாப் பெயர்தான் அறிகுறி. சோர்ஸில் இல்லாத அழைப்பு வரிசையை ஸ்டாக் காட்டினால், வேறெதையும் பார்க்காமல் பில்டு ஐடியை ஒப்பிடுங்கள்.

5. சோர்ஸ் பாதைகளைப் பொருத்துங்கள்

டீபக் தகவலுக்குள் இருப்பது, கம்பைல் செய்த கணினியில் சோர்ஸ் இருந்த பாதை. கட்டுமானம் ஒரு கன்டெய்னருக்குள் (தனக்கென அடைவுகள் கொண்ட தனிச் சூழலுக்குள்) நடந்திருந்தால் அந்தப் பாதை நம் கணினியில் இருக்கவே இருக்காது. கோப்பின் பெயரை மட்டும் கொடுத்துக் கையால் வைக்கும் பிரேக்பாயிண்ட் வேலை செய்துவிடும். முழுப் பாதையையும் அனுப்பும் எடிட்டரின் பிரேக்பாயிண்ட் மட்டும் தோற்கும். “ஜிடிபியில் நிற்கிறது, எடிட்டரில் நிற்கவில்லை” என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

அந்தக் கோப்பைச் சேர்ந்த ஒரு செயற்கூற்றில் ‘லிஸ்ட்’ கொடுத்துவிட்டு ‘இன்ஃபோ சோர்ஸ்’ அடித்தால், கம்பைல் செய்தபோது இருந்த அடைவு தெரியும். பிறகு ‘செட் சப்ஸ்டிட்யூட் பாத்’ கட்டளையில் பழைய முன்பகுதியை முதலிலும் நம் அடைவை இரண்டாவதாகவும் கொடுங்கள். இவ்விரண்டையும் இடம் மாற்றிக் கொடுப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ஜிடிபி அதைப் பிழையென்று சொல்லாது. விஎஸ் கோடில் இதே வேலையை ‘சோர்ஸ் ஃபைல் மேப்’ என்ற அமைப்பு செய்கிறது.

6. லைப்ரரிக்குள் வைக்கும் பிரேக்பாயிண்ட்கள்

நிரல் தொடங்கிய முதல் நொடியில் எந்த லைப்ரரியும் ஏறியிருக்காது. ஆகவே லைப்ரரிக்குள்ளான பிரேக்பாயிண்ட் அப்போது ‘பெண்டிங்’ என்றிருப்பது இயல்பே. முதலில் ‘மெயின்’ செயற்கூற்றில் நிறுத்துங்கள். அங்கே வந்தபின் ‘இன்ஃபோ ஷேர்டுலைப்ரரி’ பட்டியலைப் பாருங்கள். சிம்பல்கள் படிக்கப்பட்டனவா என்ற பத்தியில் ‘நோ’ இருந்தால் ஜிடிபிக்கு அந்தக் கோப்பே கிடைக்கவில்லை. ‘யெஸ்’ என்பதோடு நட்சத்திரக் குறி இருந்தால் கோப்பு கிடைத்தது, டீபக் தகவல் இல்லை. முன்னதற்கு சிஸ்ரூட்டைத் திருத்த வேண்டும். பின்னதற்கு டீபக் பொதியை நிறுவ வேண்டும்.

சிஸ்ரூட்டை அமைக்க மறந்தவர்களைவிடத் தவறாக அமைத்தவர்களே அதிகம் அவதிப்படுகிறார்கள். அதை வேர் அடைவுக்குக் காட்டிவிட்டால், இலக்கின் சி லைப்ரரிக்குப் பதிலாக நம் கணினியின் சி லைப்ரரியை ஜிடிபி எடுத்துக்கொள்ளும். பெயர் ஒன்று, உள்ளடக்கம் வேறு. 4 ஆம் பகுதியில் சொன்ன அத்தனை விபரீதங்களும் இப்போது லைப்ரரிக்குள் நடக்கும்.

பிளக்இன்கள் ‘டிஎல்ஓப்பன்’ மூலம் பின்னர் ஏறுபவை. அவை ஏறும் தருணத்தை ஜிடிபி அறிவது, டைனமிக் லோடருக்குள் (லைப்ரரிகளை நிரலோடு ஏற்றும் பகுதிக்குள்) அது தானே வைத்துக்கொள்ளும் ஒரு மறைமுக பிரேக்பாயிண்ட் மூலம். லோடரின் கோப்பு பொருந்தாவிட்டால் ‘அனேபிள் டு ஃபைண்ட் டைனமிக் லிங்கர் பிரேக்பாயிண்ட் ஃபங்ஷன்’ என்ற எச்சரிக்கை இணையும்போதே வரும். அதை அலட்சியம் செய்துவிட்டு, பிளக்இன் ஏறியும் பிரேக்பாயிண்ட் ஏன் காத்திருக்கிறது என்று வியப்பதில் பயனில்லை. எச்சரிக்கை வராதபோதும் ஐயம் இருந்தால், ‘கேட்ச் லோட்’ கட்டளையோடு பிளக்இன் பெயரைக் கொடுத்து, அது ஏறும் கணத்தில் நிறுத்திப் பாருங்கள்.

7. நினைவகத்தில் செருக முடியாதபோது

சாதாரண பிரேக்பாயிண்ட் என்பது, அந்த முகவரியிலுள்ள கட்டளையை எடுத்துவைத்துவிட்டு அங்கே செயலியை நிற்கவைக்கும் ஒரு பொறிக் கட்டளையை எழுதுவதுதான். இன்டெல், ஏஎம்டி செயலிகளில் அது ஒரே பைட். 64 பிட் ஆர்மில் 4 பைட். ஆர்மின் தம்ப் முறையில் 2 பைட். எழுத முடியாத முகவரி என்றால் ‘கேனாட் ஆக்சஸ் மெமரி’ என்று வரும்.

முகவரி மிகச் சிறியதாக, நான்கைந்து இலக்கங்களுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய விநியோகங்கள் பலவும் நிரல்களை இடம்பெயரக்கூடிய வகையில்தான் கம்பைல் செய்கின்றன. கோப்பிலுள்ள முகவரி வெறும் தொலைவே. ஓடத் தொடங்கியபின்தான் அதனோடு ஏறிய இடம் கூட்டப்படுகிறது. 64 பிட் இன்டெல் லினக்ஸில் முகவரிச் சிதறலை (நிரல் ஏறும் இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்றும் பாதுகாப்பை) அணைத்து ஓட்டும்போது அந்த இடம் வழக்கமாக 555555554000 என்ற பதினாறடிமான முகவரி. இணைந்த பிறகும் சிறிய முகவரியே தெரிந்தால், ஜிடிபி நம் கோப்பை ஓடும் புராசஸோடு பொருத்தவில்லை. 4 ஆம் பகுதிக்கே திரும்புங்கள். நேற்றைய அமர்வில் கண்ட முகவரியை நட்சத்திரக் குறியோடு இன்று கொடுப்பதும் இதே பிழையில் கொண்டுவிடும். ஜிடிபி சர்வரே நிரலைத் தொடங்கினால் முகவரிச் சிதறல் இயல்பாக அணைக்கப்படும். ஏற்கெனவே ஓடும் புராசஸோடு ஒட்டிக்கொண்டால் ஒவ்வொரு முறையும் இடம் மாறும். ஆகவே எண்ணால் அல்லாமல் பெயராலோ வரியாலோ வையுங்கள்.

32 பிட் ஆர்மில் மட்டும் வரும் ஒரு கோளாறு உண்டு. ஒரே நிரலில் ஆர்ம் கட்டளைகளும் தம்ப் கட்டளைகளும் கலந்திருக்கும். எது எங்கே என்பதைச் சொல்லும் சிறு சிம்பல்களை ஸ்ட்ரிப் நீக்கிவிடுகிறது. அப்போது 2 பைட் இடத்தில் 4 பைட் பொறியை ஜிடிபி எழுதிவிட, அடுத்த கட்டளையும் சேர்ந்து சிதைகிறது. ஸ்ட்ரிப் செய்யாத கோப்பைக் கொடுப்பதே சரியான தீர்வு. முடியாவிட்டால் ‘செட் ஆர்ம் ஃபால்பேக் மோட் தம்ப்’ உதவும்.

லினக்ஸ் இல்லாத மைக்ரோகன்ட்ரோலர்களில், ஓப்பன்ஓசிடி என்ற இணைப்புக் கருவி வழி இணையும்போது, நிரல் ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பதால் பொறிக் கட்டளையை எளிதாக எழுத முடியாது; செயலிக்குள்ளிருக்கும் வன்பொருள் ஒப்பீட்டு அலகுகளைப் பயன்படுத்த வேண்டும். அதற்கான கட்டளை ‘ஹெச்பிரேக்’. இவை எண்ணிக்கையில் சொற்பம்: கார்டெக்ஸ் எம்3, எம்4 செயலிகளில் கட்டளைகளுக்கென 6, எம்0 செயலியில் அதிகபட்சம் 4. ‘நெக்ஸ்ட்’, ‘ஃபினிஷ்’ போன்றவையும் உள்ளுக்குள் ஒன்றைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் என்பதால், எல்லாவற்றையும் நிரப்பிவிட்டால் பிரேக்பாயிண்டில் நின்றபின் அடுத்த வரிக்கு நகர முடியாமல் போகும். ஒன்றையாவது காலியாக விடுங்கள். ஃபிளாஷில் இருப்பது நம் கோப்புதானா என்பதை இங்கே ‘கம்பேர் செக்ஷன்ஸ்’ கட்டளை நேரடியாகச் சொல்லிவிடும். ‘மிஸ்மேட்ச்ட்’ என்று வந்தால் மறுபடி ஃபிளாஷில் எழுதுங்கள்.

8. செருகியாயிற்று, ஆனால் நிரல் அங்கே வரவில்லை

இப்போது கேள்வி, சரியான புராசஸைப் பிடித்திருக்கிறோமா என்பது. பல சர்வர் நிரல்கள் தொடக்கத்திலேயே தம்மைப் பல சேய்ப் புராசஸ்களாகப் பிரித்துக்கொள்கின்றன. கோரிக்கைகளைக் கையாள்வது சேய்கள், நாம் பிடித்திருப்பது தாய். இந்தப் பிரிவு, அதாவது ‘ஃபோர்க்’, நிகழும்போது ஜிடிபி இயல்பாகத் தாயையே பின்தொடர்ந்து, சேயிலிருந்த பிரேக்பாயிண்ட்களை நீக்கி அதை விடுவித்துவிடுகிறது. ‘செட் ஃபாலோ ஃபோர்க் மோட் சைல்டு’ என்று மாற்றலாம். இரண்டையும் கையில் வைத்திருக்க ‘செட் டீடாச் ஆன் ஃபோர்க் ஆஃப்’ கொடுக்கலாம். இதற்கு எக்ஸ்டெண்டட் ரிமோட் இணைப்பே ஏற்றது. நிரலில் ஒற்றைப் புராசஸாக ஓடும் வசதி இருந்தால், இத்தனை சிரமமும் வேண்டாம், அதையே பயன்படுத்துங்கள்.

ஓடும் புராசஸோடு ஒட்டிக்கொள்ள முடியாமல் ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்று வந்தால், ஒரு புராசஸை மற்றொன்று டீபக் செய்வதைக் கட்டுப்படுத்தும், கெர்னலின் யாமா பாதுகாப்பு காரணமாக இருக்கலாம். ‘பிடிரேஸ் ஸ்கோப்’ என்ற கோப்பில் மதிப்பு 1 என்றால், தான் தொடங்கிய சேயை மட்டுமே டீபக்கர் பிடிக்க முடியும்; எனவே நிரலை ஜிடிபி சர்வரிலிருந்தே தொடங்குங்கள், அல்லது ரூட் உரிமையோடு ஒட்டிக்கொள்ளுங்கள். மதிப்பு 3 என்றால் மறுதொடக்கம்வரை யாராலும் முடியாது. டாக்கர் கன்டெய்னருக்குள் என்றால் ‘சிஸ் பிடிரேஸ்’ உரிமையைச் சேர்க்க வேண்டியிருக்கலாம். அதைச் சோதனைச் சூழலில் மட்டும் செய்யுங்கள்.

தாமதமாக ஒட்டிக்கொண்டவர்கள், தொடக்கத்தில் ஒரே முறை ஓடும் செயற்கூற்றில் பிரேக்பாயிண்ட் வைத்துவிட்டுக் காத்திருப்பதையும் பார்க்கலாம். அந்தப் பேருந்து முன்பே போய்விட்டது. நிரல் அந்த வழியாக வருகிறதா என்று தெரியாதபோது, அந்தச் செயற்கூற்றை அழைக்கும் செயற்கூற்றில், அங்கும் நிற்காவிட்டால் அதற்கும் மேலுள்ளதில் என்று படிப்படியாக மேலேறிச் செல்லுங்கள். நிற்கும் இடத்துக்கும் நிற்காத இடத்துக்கும் இடையிலுள்ள ‘இஃப்’ வரியில்தான் விடை இருக்கும். பல சமயங்களில் நீங்கள் தேடிய உண்மையான பிழையும் அதுவாகவே இருக்கும்.

9. நிபந்தனையுள்ள பிரேக்பாயிண்ட்கள்

நிபந்தனை பொய்யாகும் ஒவ்வொரு முறையும் நிரல் உண்மையில் நிற்கிறது, மதிப்பிட்டபின் தொடர்கிறது. மதிப்பீடு நம் கணினியில் நடந்தால், ஒவ்வொரு தடவையும் வலையமைப்பில் ஒரு சுற்றுப் பயணம். இறுக்கமான சுழற்சிக்குள் இப்படி வைத்தால் நிரல் உறைந்துவிட்டதாகவே தோன்றும்.

‘இன்ஃபோ பிரேக்பாயிண்ட்ஸ்’ பட்டியலில் நிபந்தனையை அடுத்து ‘டார்கெட் எவால்ஸ்’ என்று இருந்தால் ஜிடிபி சர்வரே மதிப்பிடுகிறது, வேகமாக இருக்கும். ‘ஹோஸ்ட் எவால்ஸ்’ என்றிருந்தால் இல்லை. நிபந்தனைக்குள் செயற்கூற்றை அழைத்தால், சரங்களை ஒப்பிட ‘எஸ்டிஆர்கம்ப்’ போடுவது போன்றவை உட்பட, அது நம் பக்கமே வந்துவிடும். முதல் எழுத்தையும் நீளத்தையும் மட்டும் ஒப்பிடும் எளிய நிபந்தனையாக மாற்றினால் போதும். அதற்கும் தாமதமானால், சோர்ஸிலேயே ஓர் ‘இஃப்’ எழுதி, அதற்குள் பிரேக்பாயிண்ட் வைப்பதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

10. நின்றது, ஆனால் தவறான வரியில்

இங்கேதான் ஆப்டிமைசேஷனைப் பற்றிப் பேச வேண்டும். ‘இன்ஃபோ லைன்’ கட்டளையில் வரி எண்ணைக் கொடுங்கள். ‘கன்டெய்ன்ஸ் நோ கோட்’ என்று வந்தால், அந்த வரிக்குத் தனிக் கட்டளை எதுவும் உருவாகவில்லை; ஜிடிபி அடுத்துள்ள, கட்டளை இருக்கும் வரிக்கு நகர்த்தியிருக்கும். ‘டிஸ்அசெம்பிள்’ கட்டளையோடு ‘எஸ்’ விருப்பத்தைச் சேர்த்தால், சோர்ஸ் வரிகளும் கட்டளைகளும் எப்படி முன்பின்னாகப் பின்னிக்கிடக்கின்றன என்பது கண்ணுக்குத் தெரியும்.

சிறிய செயற்கூறுகள் அழைக்கப்படும் இடங்களிலேயே கரைக்கப்பட்டிருந்தால் பட்டியலில் ‘மல்டிபிள்’ என்று வரும். ஒரு பிரேக்பாயிண்ட் பல முகவரிகளைப் பெற்றிருக்கும். இது பிழையன்று. வேண்டாத இடங்களை 2.1, 2.2 போன்ற துணை எண்களைக் கொண்டு ‘டிஸ்ஏபிள்’ செய்யலாம்.

மறுகம்பைல் செய்வதாக முடிவெடுத்தால், டீபக் செய்ய இடையூறில்லாத ஆப்டிமைசேஷனை மட்டும் செய்யும் ‘மைனஸ் ஓஜி’ விருப்பத்தை முதலில் முயலுங்கள். ஆப்டிமைசேஷனை அணைக்கும் ‘மைனஸ் ஓ0’ நேரத்தைச் சார்ந்த பிழைகளை மறையச் செய்துவிடக்கூடும். சந்தேகமுள்ள ஒரே செயற்கூற்றுக்கு, அது அழைக்கும் இடத்தில் கரையாமல் தடுக்கும் ‘நோஇன்லைன்’ பண்பு கொடுப்பது இன்னும் மென்மையான வழி. எதைச் செய்தாலும், புதிய பைனரியை இலக்குக்கு அனுப்பி, சர்வீஸை மறுதொடக்கம் செய்து, பில்டு ஐடியை மறுபடி ஒப்பிட்ட பின்னரே ஜிடிபியைத் திறவுங்கள்.

11. நின்ற சில நொடிகளில் இணைப்பு அறுந்தால்

பிரேக்பாயிண்ட் சரியாகவே வேலை செய்தது. நிரல் நின்றதைப் பொறுக்காத வேறொன்று அதைக் கொன்றது. போர்டுகளில் வன்பொருள் வாட்ச்டாக், குறித்த நேரத்துக்குள் உயிர்க்குறி வராததால் போர்டையே மறுதொடக்கம் செய்திருக்கும். சர்வரில், சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ‘வாட்ச்டாக் செக்’ அமைப்பு அபார்ட் சிக்னல் அனுப்பியிருக்கும். தொடக்கக் கட்டத்தில் நிறுத்தியிருந்தால், இயல்பாக 90 நொடிகளில் தொடக்கக் காலக்கெடு முடிந்துபோகும். ‘ஜர்னல்சிடிஎல்’ பதிவைப் பார்த்தால் எது என்று தெரியும். டீபக் செய்யும் காலத்துக்கு மட்டும் அவற்றை அணைத்துவையுங்கள்; திரும்ப இயக்க மறவாதிருக்க, அந்த மாற்றத்தைத் தனி மேலெழுத்துக் கோப்பில் வைத்து, முடிந்ததும் கோப்பையே நீக்கிவிடுங்கள்.

12. எதுவும் பிடிபடாவிட்டால், பாக்கெட்டுகளைப் பாருங்கள்

‘செட் டீபக் ரிமோட் 1’ என்று கொடுத்தால், ஜிடிபிக்கும் எதிர்முனைக்கும் இடையே போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் திரையில் ஓடும். மிரட்டும் அளவுக்கு நீளமாக இருந்தாலும் நமக்கு வேண்டியவை சிலவே. பெரிய இசட் எழுத்தோடு 0 வந்தால் சாதாரண பிரேக்பாயிண்டைச் செருகும் கோரிக்கை. 1 வந்தால் வன்பொருள் பிரேக்பாயிண்ட். அதை அடுத்து முகவரி இருக்கும். அதை ‘இன்ஃபோ பிரேக்பாயிண்ட்ஸ்’ காட்டும் முகவரியோடு ஒப்பிடுங்கள்.

பதில் ‘ஓகே’ என்றால் எதிர்முனை ஏற்றுக்கொண்டது. சிக்கல் 8 ஆம் பகுதியில் சொன்ன வகை. ‘ஈ’ எழுத்தும் எண்ணும் வந்தால் அது மறுத்துவிட்டது. வெற்றுப் பதில் வந்தால் அந்த வசதியே எதிர்முனையில் இல்லை. ஜிடிபி அப்போது நினைவகத்தில் தானே பொறியை எழுத முயலும், ஃபிளாஷில் அது தோற்கும். அந்த இசட் பாக்கெட்டே போகவில்லை என்றால், பிரேக்பாயிண்ட் இன்னும் ‘பெண்டிங்’ நிலையில் இருக்கிறதா, ‘டிஸ்ஏபிள்’ ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஜிடிபி இவற்றை நிரலைத் தொடரவிடும் கணத்தில்தான் அனுப்புகிறது என்பதால், ‘பிரேக்’ கொடுத்ததும் பாக்கெட்டைத் தேடாதீர்கள்; ‘கண்டினியூ’ கொடுத்த பின் தேடுங்கள்.